அத்திக் கட்டையில் அத்தி இலை

வெனிஸ், 1561

ஜனவரி 11

இன்றும் வினிகரில் ஊறிய மத்திதான். என் தட்டிலிருந்த பெரிய மீனை "உனக்குத்தான் வயிறு சரியில்லையே" என்று சொல்லி அன்செல்மோ எடுத்துக்கொண்டான். என் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. அவன் எடுத்த பிறகுதான் எரிய ஆரம்பித்தது. பக்கத்து அறைக்காரன், சக துறவி, சகோதரன் என்றெல்லாம் நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

முழங்கால் நேற்றைவிட மோசம். என் அறைக்கு நேர் கீழே கால்வாய். சுவரில் கை வைத்தால் கை நனைகிறது. இந்த அறையில் இன்னும் ஒரு குளிர்காலம் கழித்தால் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

மதியச் செபத்துக்குப் பிறகு மடத் தலைவர் இலாரியோன் கூப்பிட்டு அனுப்பினார். ஃபந்தின் என்ற அச்சுக்கூடக்காரன் பழைய ரோமாபுரித் தேவர்களின் கதைகளைப் படங்களோடு போடுகிறானாம். அனுமதி கொடுக்கும் சபை, படங்களைப் பார்த்துச் சொல்லும் வேலையை நம் மடத்தின் தலையில் கட்டிவிட்டது.

"எழுத்தையெல்லாம் பார்த்தாச்சு கிறிசோகோனோ. லத்தீன்ல இருக்கு, பாதிப் பேருக்குப் புரியாது. படம்தான் எல்லாருக்கும் புரியும். அதான் பயமா இருக்கு."

"நான் என்ன பண்ணணும் சாமி?"

"மறைக்க வேண்டியதை மறைச்சுடு. மே மாசம் விண்ணேற்புத் திருநாள் சந்தைக்குப் புத்தகம் வந்துடணும். அதைப் பத்தி எவனும் என் காதுல ஒரு வார்த்தை போடக் கூடாது. அப்படிச் சத்தமில்லாம முடிச்சுக் குடுத்தீன்னா, பாதுவா மடத்து நூலகம் உனக்கு."

பாதுவா! கடல் தாண்டிய கெட்டி நிலம், காய்ந்த சுவர், வாசிப்பறையிலேயே கணப்பு, சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தேன். பிறகுதான் நினைத்தேன், இந்த வேலைக்குக் கண்ணைத் திறந்து வைக்க வேண்டுமே.

ஜனவரி 13

போனேன், பார்த்தேன். எல்லோரும் பிறந்த மேனி.

ஜூபிடர் மேகத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றுமில்லை. அப்பல்லோ ஓடுகிறான், ஒன்றுமில்லை. அவனுக்குப் பயந்து ஓடும் டாஃப்னி மரமாக மாறிக்கொண்டிருக்கிறாள். விரல், தலை, தோள் எல்லா இடத்திலும் இலை துளிர்க்கிறது. வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு இலைகூட இல்லை. படத்தை வரைந்த ஓவியன் வேண்டுமென்றே செய்திருக்கிறான்.

மரக்கட்டையில் இவற்றைச் செதுக்கியது ஃபந்தினின் மனைவி ஓர்செட்டா. பெண்! இதை மடத் தலைவர் எனக்குச் சொல்லவே இல்லை. நாற்பது வயதிருக்கும். கையில் உளி, நெற்றியில் மரத்தூள். முகத்தைப் பார்த்தால் கோவிலுக்கு மெழுகுவர்த்தி கொண்டுவரும் அம்மாள் போல அவ்வளவு சாது. ஒரு பெண்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது?

"அம்மா, இந்த அப்பல்லோவுக்கு... இங்க... கொஞ்சம்..."

"எங்க சாமி?"

"இங்கதாம்மா. நடுவுல."

"தொப்புள்லயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

"முட்டியிலயா?"

"அவ்வளவு கீழ இல்லை."

"நடுவுல வேற என்ன சாமி இருக்கு?" என்று கட்டையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஃபந்தின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. எனக்குக் காது வரை சூடேறியது. இவளுக்கு உண்மையிலேயே புரியவில்லையா? செதுக்கியவளே இவள்தானே!

ஜனவரி 14

இனி சுட்டிக்காட்ட ஒரு குச்சி எடுத்துப் போக வேண்டும். விரலால் காட்டுவது நன்றாக இல்லை.

ஜனவரி 20

இது நான் நினைத்ததுபோல் மை தடவி மறைக்கிற வேலை இல்லை. ஓர்செட்டா விளக்கினாள். கட்டையில் கோடுகள் மட்டும் மேடாக நிற்கும், மற்றதெல்லாம் பள்ளம். செதுக்கிப் போன மரத்தை ஒட்ட வைக்க முடியாது. ஆகவே அந்த இடத்தை மட்டும் சதுரமாகத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் புதுக் கட்டைத் துண்டு ஒன்றை ஆப்பாக இறுக்கி, அதில் இலை செதுக்க வேண்டும்.

"எல்லாருக்கும் ஆப்பு வைக்கணும்னா நல்ல பேரிக்காய்க் கட்டை வேணும் சாமி. இப்போ கடைத்தெருவுல கிடைக்கலை. படகு வர மார்ச் ஆயிடும்."

மார்ச்சா! அப்புறம் சந்தைக்குப் புத்தகம் எப்போது, நான் பாதுவாவுக்கு எப்போது? யோசித்தபடி மடத்துக்குத் திரும்பினால், போன வாரக் காற்றில் சாய்ந்த அத்திமரம் தோட்டத்தில் குறுக்கே கிடக்கிறது. சமையற்காரர் விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. ஆதாமும் ஏவாளும் எதால் மறைத்துக்கொண்டார்கள்? அத்தி இலையால். நாம் செதுக்கப்போவது என்ன? அத்தி இலை. எந்தக் கட்டையில்? அத்திக் கட்டையில்! எவ்வளவு பொருத்தம்! சமையற்காரரிடம் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. அன்செல்மோவிடம் சொன்னேன், தூங்கிவிட்டான். நல்ல நகைச்சுவைக்கு இந்த மடத்தில் ஆளே இல்லை.

ஜனவரி 22

படகில் கட்டைகளைக் கொண்டுபோய் இறக்கினேன். "அத்தி இலைக்கு அத்திக் கட்டை" என்று சொன்னேன். ஓர்செட்டா உளியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"சாமிக்குள்ள இவ்வளவு விஷமமா! குடுங்க குடுங்க. சும்மா கிடைச்ச கட்டையை யார் வேண்டாம்பா?" நகத்தால் அழுத்திப் பார்த்தாள். "மெத்துன்னு இருக்கு. உளி வெண்ணெய்ல போற மாதிரி போகும்."

அந்தச் சிரிப்பு திரும்பி வரும் வழியெல்லாம் காதில் இருந்தது. பாலத்தில் ஏறும்போது முழங்கால் வலித்ததா என்று ஞாபகமில்லை.

பிப்ரவரி 3

இன்று மனிதக் குதிரையில் வந்து மாட்டிக்கொண்டோம். இடுப்பு வரை மனிதன், அதற்குப் பிறகு குதிரை.

"மனுஷனுக்குப் போடணுமா, குதிரைக்குப் போடணுமா சாமி?"

"மனுஷன் எங்க முடியறான்?"

"இங்க."

"அப்போ அங்க ஒரு இலை."

"அங்கதான் ஒண்ணுமே இல்லையே. இருக்கிறதெல்லாம் பின்னாடியில்ல இருக்கு."

நன்றாக யோசித்தேன். "ரெண்டு இடத்துலயும் போட்டுடு."

அடுத்தது காளை. ஜூபிடர் யுரோப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதற்காகக் காளையாக மாறிக் கடற்கரையில் நிற்கிற படம். ஃபந்தின் எழுந்தே வந்துவிட்டான். "ஐயா சாமி, இது மாடு. எந்த ஊர்ல மாடு உடுத்திக்கிட்டுத் திரியுது?"

"தெருவுல நிக்கிறது வெறும் மாடு ஃபந்தின். இது உள்ள தேவன் இருக்கிற மாடு. உள்ள யாருன்னு தெரிஞ்ச அப்புறம் சும்மா விட முடியுமா?"

என் வாதம் எனக்கே பிடித்திருந்தது. இதே வாதத்தால் லீடாவின் மடியில் இருக்கும் அன்னத்துக்கும் இலை வைக்க வேண்டியதாகிவிட்டது. அதுவும் அந்த ஜூபிடர்தான். "அன்னத்துக்கு எங்க சாமி?" என்று கேட்டாள். நானும் வெகுநேரம் பார்த்தேன். கழுத்து, இறகு, மறுபடி கழுத்து. கடைசியில் "எங்கயாச்சும் ஒண்ணு வைம்மா" என்றேன்.

பிப்ரவரி 6

வல்கனைப் பற்றி எழுத வேண்டும். தேவர்களுக்குக் கொல்லன், கால் ஊனம். அவன் மனைவி வீனஸ் படைத் தேவன் மார்ஸுடன் இருக்கும்போது, தானே அடித்துச் செய்த கம்பி வலையைப் போட்டு இருவரையும் பிடிக்கிறான். மற்ற தேவர்கள் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்து? பிடிபட்டவர்களைப் பார்த்து இல்லை, இவனைப் பார்த்து. பாவம், கரி பிடித்த முகம், கோணல் கால், பகலெல்லாம் உழைக்கிறவன். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இவர்கள் யாரும் இல்லை, பொய்க் கதை என்று தெரியும். தெரிந்தும் கஷ்டமாக இருந்தது.

"வலை மேல கிடக்குதே, இலை வேண்டாம் போல" என்றேன்.

"வலைன்னா ஓட்டை இருக்கும் சாமி" என்றாள் ஓர்செட்டா.

வைத்தோம். மூவருக்கும்.

பிப்ரவரி 17

தெருவெல்லாம் முகமூடி, முட்டை வீச்சு, பொரித்த மாவு வாசனை. தவக்காலம் வருவதற்குள் எல்லோரும் கெட்டுவிட வேண்டும் என்று ஓடுகிறார்கள். நான் ஒழுக்கமாக அச்சுக்கூடத்துக்குப் போனேன்.

ஆப்பு வேலை முடிந்தது. மேஜை மேல் சூப்புக் கிண்ணம் ஒன்று. அதில் தோண்டி எடுத்த சின்னச் சின்னத் துண்டுகள். தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலையின் சமாச்சாரம் முழுவதும் ஒரே கிண்ணத்தில் கிடந்தது. ஓர்செட்டா கரண்டியால் கிளறி, "இது யாரோடதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டாள். நான் பார்க்க மறுத்தேன். ஒன்று மார்ஸினுடையது.

எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னேன். மறைப்பதற்கு முன் ஒத்தி எடுத்த மாதிரித் தாள்களையும் சேர்த்து எரிக்கச் சொன்னேன். பின்னால் எவன் கையிலாவது சிக்கினால் யார் பதில் சொல்வது? ஃபந்தின் ஒரு கட்டுத் தாளை அடுப்பில் போட்டான். ஓர்செட்டா கிண்ணத்தைக் கவிழ்த்தாள். பேரிக்காய்க் கட்டை நன்றாக எரிந்தது. அந்த அடுப்பிலேயே பட்டாணிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டுட்டுப் போங்க சாமி."

மறுக்கத்தான் நினைத்தேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 18

அந்த அடுப்பில் வெந்த சோற்றைத் தின்றதைப் பாவசங்கீர்த்தனத்தில் எந்தத் தலைப்பில் சொல்வது?

மார்ச் 4

வடக்குக் காற்று. வானம் கண்ணாடி போல இருக்கிறது, எலும்பெல்லாம் காய்ந்து சுகமாக இருக்கிறது. புது மாதிரித் தாள்களைக் கொண்டு வந்தார்கள். என்ன அழகு! இலைகள் எல்லாம் இளசாக, மெலிசாக, காற்றில் வந்து தானாக ஒட்டிக்கொண்டது போல. ஆப்பின் விளிம்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காளைகூடக் கண்ணியமாக நிற்கிறது.

ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டு மடத்து முத்திரை வைத்தேன். மடத் தலைவர் புரட்டிப் பார்த்து, "இப்போ இதை என் அக்கா பொண்ணுக்கே குடுக்கலாம்" என்றார். பாதுவாவுக்கு எழுதி அனுப்பிவிட்டாராம், இடம் எனக்காகக் காத்திருக்கிறது.

அன்செல்மோவிடம் சொன்னேன். "உனக்கென்னப்பா, குடுத்து வெச்சவன்" என்றான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, தவக்காலமாக இருந்தும்.

ஏப்ரல் 24

தெற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. நனைந்த துணியை மூஞ்சியில் போட்டது போல் ஒரு காற்று. உப்பு கரைந்துவிட்டது, கதவு உப்பி மூட மாட்டேன் என்கிறது, என் முழங்கால் பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. அச்சுக்கூடத்தில் பகலெல்லாம் அச்சு ஓடுகிறது என்று ஆள் வந்து சொன்னான். ஈரத் தாளில்தான் அச்சடிப்பார்களாம், வேலை முடிந்ததும் கட்டையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்களாம். போய்ப் பார்க்க ஆசைதான். படியிறங்க முடியவில்லை. நான் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி பார்க்க என்ன இருக்கிறது?

மே 15

ஐயோ.

மே 15, கொஞ்சம் நிதானமான பிறகு

விண்ணேற்புத் திருநாள். சதுக்கம் முழுவதும் சந்தை. முழங்கால் தேவலை என்று குச்சியை ஊன்றிக்கொண்டு, பெருமையாக, ஆம் பெருமையாகத்தான், ஃபந்தினின் கடையைத் தேடிப் போனேன். கூட்டம் நெருக்கியடித்தது. ஆஹா, நம் புத்தகத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று நினைத்தேன்.

கிட்டே போனால் ஒரே சிரிப்பு. ஒரு மீன்காரி புத்தகத்தைப் பிடுங்கிப் பிரிக்கிறாள், பத்துப் பேர் அவள் தோள் மேல் எட்டிப் பார்க்கிறார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

இலை. கரேலென்று இலை. கரிக்கட்டை மாதிரி, பக்கத்துக்குப் பக்கம், ஒவ்வொருவனுக்கும் நட்டநடுவில், அடுப்புச் சட்டியின் அடிக்கரி போல அப்பியிருக்கிறது. மற்ற கோடெல்லாம் அதைச் சுற்றி வெளுத்துப் போய்க் கிடக்கிறது. மலை தெரியவில்லை, முகம் தெரியவில்லை, இலை இலை இலை!

"மாட்டுக்கு எதுக்குடி கோவணம்?" என்று மீன்காரி கேட்டாள்.

"குளிர்ல விறைச்சுடுமோன்னு பயந்திருப்பான்" என்றது ஒரு குரல்.

"குதிரை மனுஷனுக்கு ரெண்டு பாரு! ஒண்ணு நாளைக்கு மாத்திக்க."

"அன்னத்தைப் பாருங்கடா, கழுத்துல கட்டியிருக்கான்!"

"எவனோ ஒரு சாமியார் உக்காந்து வெச்சிருக்கான். இல்லேன்னா அன்னத்துக்கு வெக்கணும்னு யாருக்குத் தோணும்?"

முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நழுவினேன். எனக்குப் பின்னால் ஒருவன், "அண்ணே, அந்த இலைப் புத்தகம் ஒண்ணு குடுங்க" என்று கேட்டான். அதற்குள் பேரே வைத்துவிட்டார்கள்.

மே 16

காலையிலேயே அச்சுக்கூடத்துக்குப் போய்க் கத்தினேன். "என்ன பண்ணி வெச்சிருக்கே ஓர்செட்டா? நான் கையெழுத்துப் போட்டது இதுக்கா? என் பாதுவா போச்சு, எல்லாம் போச்சு!"

அவள் பதில் சொல்லாமல் அப்பல்லோ கட்டையை என் கையில் வைத்தாள். தடவிப் பார்த்தேன். எல்லாம் வழவழப்பாக ஒரே மட்டத்தில் இருந்தது, ஓரிடம் தவிர. அங்கே மட்டும் ஆப்பு எழும்பி நின்றது. அத்திக் கட்டை பஞ்சு மாதிரியாம். ஈரத் தாள், கழுவின தண்ணீர், தெற்குக் காற்று எல்லாவற்றையும் குடித்துவிட்டு உப்பிவிட்டது. உயர்ந்த இடத்தில்தான் மை அதிகம் ஏறும், அங்கேதான் அழுத்தமாக விழும்.

"உங்க கட்டை சாமி."

"நீதானே வெண்ணெய் மாதிரி இருக்குன்னே!"

"நீங்கதானே அத்திக்கு அத்தின்னு சிரிச்சீங்க!"

"சிரிச்சது நீ!"

"சரி, ரெண்டு பேரும்தான்" என்று உட்கார்ந்துவிட்டாள். "பச்சை மரம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஓசியில வந்துச்சுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். அச்சடிச்சப்போ பார்த்தேன், அப்போவே பாதி முடிஞ்சிருந்துச்சு. சொன்னா நீங்க அந்த முழங்காலோட படியிறங்கி விழுந்துடுவீங்கன்னு சொல்லலை." அவள் கண் கலங்கியிருந்தது.

ஃபந்தின் மட்டும் சதுக்கத்திலிருந்து விசிலடித்தபடி வந்தான். இன்னும் தாள் வாங்க வேண்டுமாம்.

ஆப்பு தேவர்களுக்கு என்று நினைத்தேன். எனக்குத்தான்.

மே 20

மடத் தலைவர் என் முன்னால் புத்தகத்தை விரித்து வைத்தார்.

"என்னய்யா இது?"

"அத்தி இலை சாமி."

"என் அக்கா பொண்ணு இதை வாங்கிட்டு வந்து காட்டினா. காட்டிச் சிரிச்சா. நான் உன்கிட்ட என்ன கேட்டேன்? சத்தமில்லாமன்னு கேட்டேன். ஊரே சிரிக்குது கிறிசோகோனோ, அதுவும் சத்தமா."

சபையில் என்னை ஆஜராகச் சொல்லியிருக்கிறார்கள். பாதுவா பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 2

சபையில் மூன்று பெரியவர்கள். முதலாமவர் புத்தகத்தை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அடுத்தவர் "எனக்குக் காட்டுங்க" என்று வாங்கி அதே மாதிரி பார்த்தார். மூன்றாமவர் ரொம்ப வயதானவர், பார்வை மங்கல். புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு நேரமெடுத்துப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசியில் அந்தக் கிழவர் சொன்னார்: "எனக்கு ஆள் தெரியலை. மரம் தெரியலை. மலை தெரியலை. இலை தெரியுது."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் பெரிசா தெரியாது சாமி. சின்னக் கோடுதான்."

"அப்போ யாரும் பார்த்திருக்க மாட்டான். நீ மறைச்சு ஊருக்கே காட்டிட்டே."

தீர்ப்பு: விற்றதை விட்டுவிடலாம். மறுபடி அச்சடிப்பதானால் இலைகளை எடுத்துவிட்டு முன்பிருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும், ஆனால் அடக்கமாக. மேற்பார்வை யார்? எடுத்தவன் எவனோ, அவனே.

ஜூன் 9

பாதுவாவுக்கு அன்செல்மோ போகிறான். படகு கிளம்பும்போது கையாட்டினான். ஊறுகாய் ஜாடி, கம்பளி, என் நல்ல தலையணை எல்லாம் அவனோடு போயின. தலையணையை நான்தான் கொடுத்தேன், கேட்டுவிட்டான்.

அறைக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். அந்தக் கணப்பை நான் எத்தனை முறை மனசுக்குள் மூட்டிப் பார்த்திருக்கிறேன்! கிறுக்கன் நான். ஒரு சிலேடைக்கு ஆசைப்பட்டுக் காய்ந்த சுவரை விட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜூன் 18

தண்டனையைத் தொடங்கிவிட்டோம். ஆப்புகளைப் பிடுங்கியாயிற்று, இப்போது ஒவ்வொரு தேவனுக்கும் நடுவில் சதுரமாக ஓட்டை. இந்த முறை காய்ந்த பேரிக்காய்க் கட்டை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. எதைச் செதுக்குவது? படத்தை வரைந்த ஓவியன் ஜெர்மானியர் ஊருக்குப் போய்விட்டான். பழைய மாதிரித் தாள்களை நானே நின்று எரித்துவிட்டேன்.

"எனக்கு ஞாபகமே இல்லை சாமி" என்றாள் ஓர்செட்டா, அதே சாது முகத்தோடு. "நான் கோட்டைப் பார்த்துக் கோட்டை வெட்டுறவ. முடிஞ்சதும் மறந்துடுவேன். நீங்கதான் குச்சி வெச்சு நல்லாப் பார்த்தீங்க."

இளவயதில் கோவில் பாட்டுப் புத்தகங்களின் ஓரத்தில் பூ வரைந்த கைதான் இது. பேனாவை எடுத்தேன். அப்பல்லோவில் தொடங்கினேன். கை நிற்கவே இல்லை.

ஜூன் 26

ஜூபிடர், மார்ஸ், நதித் தேவன், பின்னால் நின்று சிரிக்கிறவர்கள் வரை ஆயிற்று. ஒன்றுக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என்ன ஞாபக சக்தி! புனித ஏடுகளை மனப்பாடம் செய்ய இது எங்கே போயிருந்தது?

அச்சுக்கூடத்து மத்தியானச் சாப்பாடு மடத்தைவிட நன்றாக இருக்கிறது. இன்று இறால் போட்ட சோறு. ஃபந்தின் என் மடியில் பூனையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். முழங்காலுக்கு அது சூடாக இருந்தது.

ஜூலை 8

கடைசிக் கட்டையும் முடிந்தது. புது மாதிரித் தாள்களை மேஜையில் பரப்பினோம். அப்போது ஓர்செட்டா எழுந்து போய் மாவுப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

பழைய மாதிரித் தாள்கள். மறைக்காதவை. முழுக் கட்டு!

"எரிச்சியே! நான் பார்த்தேனே, அடுப்புல போட்டீங்களே!"

"அது கிழிஞ்சு போன பஞ்சாங்கம் சாமி. இதை எரிக்க மனசு வரலை. என் கை வேலையில்ல?"

"அப்போ என்னை எதுக்குடி மூணு வாரமா உக்காத்தி வெச்சு வரைய விட்டே?"

"பார்க்க நல்லா இருந்துச்சு" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குச்சியைத் தேடினேன், பூனை அதன் மேல் படுத்திருந்தது. பிறகு தாளையும் தாளையும் ஒத்துப் பார்த்தோம். ஒன்றைத் தவிர எல்லாம் கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தது. ஃபந்தின் அதற்கு மேல் அடக்க முடியாமல் அச்சு மேல் சாய்ந்துகொண்டு அழுகிற மாதிரி சிரித்தான். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், விலா நோகிற வரை. எத்தனை வருஷம் ஆயிற்று இப்படிச் சிரித்து!

வல்கனுக்கு மட்டும் நான் கொஞ்சம் தாராளமாக வரைந்திருக்கிறேன். மாற்றட்டுமா என்று கேட்டேன். "பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். சபை கேட்டது அடக்கம்தான். ஆனால் அந்தக் கிழவருக்குத்தான் கண் தெரியாதே.

அக்டோபர் 14

அன்செல்மோவைப் பாதுவாவிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசிப்பறையில் குறட்டை விட்டானாம், படிக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து புகார் கொடுத்துவிட்டார்கள். தலையணையைக் கொண்டு வரவில்லை.

சாயங்காலம் மடத் தலைவர் கூப்பிட்டார். முகம் கனிவாக இருந்தது. இலையில்லாத புத்தகத்தைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"கிறிசோகோனோ, பட்டது போதும். பாதுவா இடம் மறுபடி காலியா இருக்கு. உன் முழங்காலுக்கும் நல்லது. போறியா?"

என் வாய் "ஆகட்டும்" என்று சொல்லத் திறந்தது. வெளியே வந்தது வேறு. "ஃபந்தின் அடுத்த புத்தகம் ஆரம்பிச்சிருக்கான் சாமி. கடல் தேவர்கள்."

"கடல் தேவர்களா? உடுத்தியிருப்பாங்களா?"

"இல்லை சாமி. தண்ணியிலயே இருக்கிறவங்க."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நீ எங்க போறது? அனுபவப்பட்டவன் வேற ஆள் இல்லையே. கஷ்டம்தான், என்ன பண்றது. இங்கயே இருந்து பார்த்துக்கோ."

"உங்கள் சித்தம்" என்று தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு அவருக்குத் தெரியக் கூடாதென்று கதவைத் தாண்டும் வரை நிமிரவில்லை.